வேலியை மொட்டையடித்துவிட்டுக் காக்கையைக் குறை சொல்லலாமா?

நகராட்சி ஆணையர் அவர்களுக்கும், பூங்காப் பராமரிப்பைப் பார்க்கும் பொறியியல் பிரிவு அலுவலர்களுக்கும், நகர்மன்ற உறுப்பினர்களுக்கும்:

பூங்காக்களில் குருவிக் குஞ்சுகளைக் காக்கை தூக்கிப் போகிறது என்று நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் கொடுத்த புகாரின் பேரில் நீங்கள் எடுத்திருக்கும் முடிவை எங்களால் ஏற்க முடியவில்லை. மரங்களில் இருக்கும் காக்கைக் கூடுகளைக் கலைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். புதரில் தென்படும் பாம்புகளைப் பிடித்து ஊருக்கு வெளியே விடச் சொல்லியிருக்கிறீர்கள். மார்ச் 20, உலகச் சிட்டுக்குருவி நாளன்று மரத்துக்கு மரம் கூடுப்பெட்டி கட்டியிருக்கிறீர்கள். அதே மாதத்தில், அதே பூங்காக்களில், வேலிச்செடிகளை மட்டமாக வெட்டவும் வேலை உத்தரவு கொடுத்திருக்கிறீர்கள்.

முதல் மூன்றும் குஞ்சுகளைக் காப்பாற்றச் செய்தவை. நான்காவது வழக்கமான பராமரிப்பு. ஆனால் இந்தப் பூங்காக்களில் கூடுகளைக் குறித்து, முட்டையிட்ட நாளிலிருந்து குஞ்சு பறக்கும் நாள் வரை கணக்கு வைத்துவரும் எங்களுக்குத் தெரிந்தவரை, அதிகம் குஞ்சுகள் சாவது அந்த நான்காவது வேலையால்தான். காக்கை கடைசியில் வந்து எடுத்துப் போகிறது, அவ்வளவே.

கூட்டுக்கு எதிரி காக்கை மட்டும்தான் என்று நினைப்பதில்தான் கோளாறே தொடங்குகிறது. வீட்டுக் காக்கையும் அண்டங்காக்கையும் கண்ணால் பார்த்து வேட்டையாடுபவை. தாயும் தகப்பனும் இரை கொண்டுபோகும் வழியை விளக்குக் கம்பத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும். வால்காக்கை கிளைக்குக் கிளை தாவி மரத்துக்குள்ளேயே தேடும். செம்போத்து புதருக்குள் நடந்து போகும். தையல்சிட்டுக் கூட்டுக்கு அதனால் பெரிய ஆபத்து. ஓணான் முட்டையையும் கண் திறக்காத குஞ்சையும் எடுக்கும். முதுகில் கோடு வாங்கிய அணிலா என்று பலர் நம்ப மாட்டார்கள்; ஆனால் அணிலும் முட்டையைக் கடித்து உடைக்கும், பொரித்த குஞ்சையும் தின்னும். எலி இரவில் ஏறும். பூனை விடியலிலும் அந்தியிலும் வரும். சாரையும் கொம்பேறிமூக்கனும் கூட்டின் ஒரு நார்கூடக் கலையாமல் உள்ளே இருப்பதை விழுங்கிவிட்டுப் போய்விடும். வைரி என்னும் சிறிய வேட்டைப் பறவை, பறக்கப் பழகும் குஞ்சைக் கிளையிலிருந்தே அள்ளும்.

இவற்றில் பகல் வெளிச்சத்தில், நடைபாதையில் போகிறவர் கண்ணெதிரே எடுப்பது காக்கை. அதனால்தான் புகாரில் காக்கையின் பெயர் மட்டும் வருகிறது. இரவில் எலியும் பாம்பும் மரநாயும் காலி செய்த கூட்டை யாரும் பார்ப்பதில்லை. வெறுமையான கூட்டை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். கூடு குலையாமல் உள்ளே சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் பாம்பு. கிழிந்து சாய்ந்து கிடந்தால் பூனை அல்லது காக்கை. ஓட்டுத் துண்டுகள் உள்ளேயே சிதறியிருந்தால் எலியோ அணிலோ. இதுவும் உறுதியான சாட்சி ஆகாது. காக்கையும் கூட்டைத் தொடாமல் ஒரு குஞ்சை மட்டும் நாசூக்காக எடுத்துப்போவது உண்டு. ஒற்றை எதிரியை ஒழித்தால் கணக்கு தீர்ந்துவிடும் என்பது நடக்காத காரியம் என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மைப் போன்ற வெப்பநாட்டில் திறந்த கிண்ணமாகக் கூடு கட்டும் பறவைகளுக்குப் பாதிக்கு மேல் கூடுகள் தோற்பது புதிதல்ல. சின்னான், அதாவது நாம் கொண்டைக்குருவி என்று சொல்லும் பறவை, ஒரு கூடு போனால் சில நாளில் அடுத்ததைத் தொடங்குவது அதனால்தான். வேட்டை நடந்தும் பறவை பெருகும்படித்தான் இயற்கை கணக்குப் போட்டிருக்கிறது. அந்தக் கணக்கு எங்கே உடைகிறது என்பதுதான் கேள்வி.

1961-இல் ஹெரால்ட் மேஃபீல்ட் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் ஒரு முறையை வகுத்தார். கூடு தப்பித்ததா இல்லையா என்று மொத்தமாக எண்ணாமல், ஒரு நாளைக்கு ஒரு கூடு அழிய எவ்வளவு வாய்ப்பு என்று பார்க்கும் முறை அது. சின்னானுக்கு முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பறக்க ஏறத்தாழ 27 நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் நூற்றில் 3 கூடு அழியும் இடத்தில், 27 நாளின் முடிவில் நூறு கூட்டில் 44 தப்பும். நாளொன்றுக்கு 5 என்றால் தப்புவது 25. நாளொன்றுக்கு 8 என்றால் வெறும் 10. பார்வைக்கு 3-க்கும் 8-க்கும் பெரிய வித்தியாசம் இல்லாததுபோல் இருக்கும். 27 நாள் அடுக்கும்போது பாதிக்கு அருகில் இருந்தது பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. நாங்கள் கேட்பதெல்லாம் அந்த அன்றாட எண்ணை ஒன்றிரண்டு குறைக்கும் வேலைகள்தான். எதிரிகளை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை, ஒழிக்கவும் முடியாது.

வேலிச்செடிக்கு வருவோம்.

உங்கள் பூங்காக்களில் பாதை ஓரம் முழுக்கக் கோல்டன் துராந்தா. அதை நேர் பெட்டியாக வெட்டினால் என்ன ஆகிறது என்று ஒருமுறை குனிந்து, இலையை விலக்கிப் பாருங்கள். வெளியே இரண்டு மூன்று விரற்கடைக்கு இலைத்தோல். உள்ளே வெயில் படாமல் இலை உதிர்ந்த வெறுங்குச்சி. அந்தக் குச்சிக் கவட்டில், இடுப்பு உயரத்துக்கும் தலை உயரத்துக்கும் நடுவே, மெல்லிய வேரும் காய்ந்த புல்லும் சிலந்தி நூலும் சேர்த்துச் சின்னான் கிண்ணம் கட்டுகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் கிண்ணம். அதில் இளஞ்சிவப்பில் கருஞ்சிவப்புப் புள்ளி தெளித்த இரண்டு அல்லது மூன்று முட்டை. மேலே இருக்கும் இலைத்தோல்தான் அதன் கூரை. வெட்டும் மிஷின் மேற்புறத்தை நான்கு விரல் இறக்கியதும் கூரை போய்விடும். கிண்ணம் அங்கேயேதான் இருக்கும். வெட்டியவர் அதைப் பார்த்திருக்கவும் மாட்டார். மறுநாள் காலை கம்பத்துக் காக்கைக்கு மேலிருந்து கூடு நேராகத் தெரியும். காக்கை வராவிட்டாலும் வெயில் விடாது. பங்குனி, சித்திரை உச்சிவெயில் நேராக இறங்கினால் இறகு முளைக்காத குஞ்சு தாங்காது.

தையல்சிட்டின் கதி இன்னும் மோசம். உயிருள்ள இலையின் இரு ஓரங்களையும் பஞ்சாலும் சிலந்தி நூலாலும் தைத்து, அந்தப் பைக்குள் கூடு வைக்கிறது. அந்த இலை இருக்கும் கிளையே வெட்டுப்பட்டால் கூடும் குஞ்சும் தழையோடு சாக்குக்குள் போய்விடுகின்றன. தழையை அள்ளுபவருக்கு அது ஒரு சுருண்ட இலை.

வெட்டும் தொழிலாளர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் வேலை ரன்னிங் மீட்டர் கணக்கில் அளக்கப்படுகிறது. விட்டுவைத்த மீட்டருக்குப் பில் கிடையாது. கூடு இருக்கிறது என்று மூன்று மீட்டரை விட்டுவிட்டு நகர்ந்தால் ஒப்பந்தக்காரருக்கு நட்டம், மேற்பார்வையாளருக்குக் குறிப்பாணை. கூட்டுக்காக விட்ட இடத்தையும் வெட்டிய கணக்கில் சேர்க்கலாம் என்று ஒரே ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால் இந்தப் பிரச்சினையில் பாதி தீரும்.

இது நல்லெண்ணத்தோடு நிற்கிற விஷயமும் அல்ல. காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 2(16)-இல் வேட்டை என்பதற்குக் கொடுத்திருக்கும் பொருளுக்குள், காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும்.

அடுத்தது சோறு. காக்கையும் பூனையும் எலியும் எந்த இடத்தில் எத்தனை இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது குருவிக் குஞ்சு அல்ல. அது அவற்றுக்கு ஆண்டில் சில வாரம் கிடைக்கும் தின்பண்டம். ஆண்டு முழுக்க அவற்றை அங்கே நிறுத்திவைப்பது குப்பை. பூங்கா வாசலில் மாலைத் தள்ளுவண்டிக் கடைகள், அவற்றின் காகிதத் தட்டும் எலும்பும், மூடியில்லாத தொட்டி, தெருமுனைக் கறிக்கடைக் கழிவு. இவை இரவு முழுதும் அப்படியே கிடந்து காலை 7 மணிக்கு மேல் அள்ளப்படுகின்றன. எலிக்கும் பூனைக்கும் இரவு விருந்து. காக்கைக்கு விடியற்காலை விருந்து. குப்பை வண்டி வந்து அள்ளிய பிறகு, கூடியிருந்த காக்கைகள் அடுத்து எங்கே தேடும்? இருபது அடி தள்ளி வேலிச்செடி இருக்கிறது. ஈரக்கழிவைத் தனியே பிரிக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-லேயே சொல்லிவிட்டன. பூங்கா வாசலில் மட்டுமாவது அதை நடத்திக்காட்டுங்கள்.

அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. மாடிச் சுவரில் வைக்கும் ஒரு பிடிச் சோறு ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். பூங்காவுக்குள் இலையோடும் பாலித்தீன் பையோடும் குவித்துவிட்டுப் போவது வேறு. அது நாள் முழுக்கக் கிடக்கும், இரவில் எலிக்குப் போய்ச்சேரும். பறவைக்குத் தானியம் என்று நீங்கள் வைத்திருக்கும் தட்டுகளும் இதே தப்பைச் செய்கின்றன. கூடுப்பெட்டி கட்டிய அதே மரத்தில், பெட்டிக்கு ஒரு முழம் கீழே தட்டு. தட்டுக்கு வரும் அணிலும் காக்கையும் பெட்டியைப் பார்க்காமலா போகும்? தண்ணீர் வையுங்கள், கோடையில் அது பெரிய உதவி. ஆனால் புதரிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில் வையுங்கள். புதரை ஒட்டி வைத்தால் பூனைக்குப் பதுங்க இடம் செய்துகொடுத்ததாக ஆகும்.

காக்கைக் கூட்டைக் கலைக்கும் உத்தரவைப் பற்றி. காக்கை நம் மண்ணின் பறவை. ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையில், நம் வீட்டுக் காக்கை வெளியிலிருந்து போய்ப் பெருகி அங்குள்ள சிறு பறவைகளின் கூடுகளை அழித்ததால், கென்யா அதை லட்சக்கணக்கில் ஒழிக்கப்போவதாக 2024-இல் அறிவித்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படிச் செய்யலாம் என்று தோன்றியிருக்கலாம். அங்கே அது வந்தேறி. இங்கே அதை அடக்க அதனோடு வளர்ந்த ஏற்பாடுகள் உண்டு. குயில் முட்டையிடுவது காக்கைக் கூட்டில்தான். காக்கைக் கூட்டைத் தட்டிவிடும்போது, வேனிலில் நீங்கள் கேட்கும் குயிலின் குஞ்சும் சேர்ந்து விழுகிறது. காக்கை இணையோ வேறொரு கிளையில் மறுபடி கட்டத் தொடங்கும். அதன் குஞ்சுக்கு இரை தேடும் நாள்கள் தள்ளிப்போய் நீளுமே தவிர நிற்காது. இந்த வேலைக்குச் செலவாகும் பணமும் ஆளும் அப்படியே குப்பை அள்ளும் வேலைக்குத் திரும்பட்டும்.

கரிச்சானைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். இரட்டைவால் குருவி என்று எல்லோருக்கும் தெரியும். தன் கூட்டுக்குப் பக்கத்தில் காக்கையோ பருந்தோ வந்தால் முதுகில் கொத்தித் துரத்தும். அது கூடு கட்டிய மரத்திலேயே புறாவும் சின்னானும் மாங்குயிலும் கட்டுவது வழக்கம். காவல்காரனுக்குப் பக்கத்து வீடு பார்ப்பதுபோல. கரிச்சான் கூடு கட்டுவது உயரமான கிளையின் நுனிக் கவட்டில். நிழல் போதும் என்று நீங்கள் ஓரக் கிளைகளைக் கழிக்கும்போது முதலில் போவது அந்தக் கவடு.

பாம்புக்கு வருவோம். சாரை குஞ்சைத் தின்னும் என்பது உண்மை. ஆனால் அதன் முதன்மை உணவு எலியும் தவளையும். எலியோ ஆண்டு முழுதும், இரவு முழுதும், கூட்டுக்குக் கூடு ஏறும். சாரையைப் பிடித்துப்போன புதரில் அடுத்து என்ன பெருகும் என்று ஒரு விவசாயியைக் கேட்டால் சொல்வார். அதோடு, பூங்கா எலிக்கு நீங்கள் வைக்கும் விஷக்கட்டி, எலியைத் தின்னும் கூகையையும் கொல்கிறது. ஒட்டுப்பசை அட்டை தரையில் மேயும் குண்டுகரிச்சானையும் ஓணானையும் பிடிக்கிறது. எலியைக் கட்டுப்படுத்தும் பாம்பும் ஆந்தையும் போய், எலி மட்டும் மிஞ்சும் பூங்காவில் எந்தக் கூடும் தேறாது. குழந்தைகள் விளையாடும் இடத்தில் பாம்பு வந்தால் பிடிக்கத்தான் வேண்டும். மற்ற இடத்தில் விட்டுவிடுங்கள். சாரை காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள உயிர். துப்புரவுப் பணியாளரைக் கொண்டு பிடித்துச் சாக்கில் கட்டும் வேலை அல்ல அது, வனத்துறையின் வேலை.

இனி நீங்கள் கட்டியிருக்கும் பெட்டிகள். இவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பணம் செலவழித்து, நல்ல மனத்தோடு செய்து, எல்லாம் தலைகீழாகப் போயிருக்கிறது.

மெல்லிய ஒட்டுப்பலகை. துவாரம் 5 சென்டிமீட்டர். துவாரத்துக்குக் கீழே உட்கார ஒரு குச்சி. தட்டையான கூரை. நைலான் கயிற்றால் மரத்தண்டில், கை எட்டும் உயரத்தில் கட்டு. திறக்க வழியில்லை. ஒவ்வொன்றாகப் பாருங்கள். சிட்டுக்குருவிக்கு 32 மில்லிமீட்டர் துவாரம் போதும். 5 சென்டிமீட்டரில் மைனா நுழையும், அணில் நுழையும், காக்கையின் அலகு நுழையும். அந்தக் குச்சி குருவிக்குத் தேவையே இல்லை. துவாரத்தின் விளிம்பைப் பிடித்தே அது உள்ளே போகும். குச்சி பயன்படுவது உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்க்கும் காக்கைக்கு. மரத்தண்டு அணிலுக்கும் பூனைக்கும் பாம்புக்கும் ஏணி. தட்டைக் கூரையில் மழைநீர் தேங்கி உள்ளே ஒழுகும். அடியில் துளை இல்லாததால் முட்டை ஈரத்தில் கிடக்கும். திறக்க முடியாததால் போன ஆண்டுக் கூட்டின் மேலேயே அடுத்த கூடு கட்டி, அடுக்கடுக்காக உயர்ந்து, குஞ்சு துவாரத்தின் வாயருகே வந்துவிடும். அப்போது பூனை கையை நீட்டினால் போதும்.

சரியான பெட்டி செய்வது தச்சருக்கு அரைநாள் வேலைகூட இல்லை. 18 முதல் 20 மில்லிமீட்டர் கனமான பலகை. இது வெயிலையும் தடுக்கும். உள்ளே அடித்தளம் 15 சென்டிமீட்டர் சதுரம். துவாரம் 32 மில்லிமீட்டர். அதன் அடிவிளிம்பிலிருந்து தளம் வரை குறைந்தது 15 சென்டிமீட்டர் ஆழம். துவாரத்தைச் சுற்றி இன்னொரு பலகைத் துண்டை, 20 மில்லிமீட்டர் கனத்தில், அதே அளவு துளையோடு வெளியே பொருத்தினால் வாசல் சிறு சுரங்கம்போல் நீளும். பூனையின் பாதம் வளைந்து உள்ளே எட்டாது. அதன்மேல் துளையிட்ட தகரத் தகடு ஒன்றை அறைந்தால் அணில் கடித்துத் துவாரத்தைப் பெரிதாக்க முடியாது. தகட்டின் ஓரத்தை அரம் போட்டு மழுங்கச் செய்யுங்கள். மறந்தால் குருவியின் மார்பு கிழியும். கூரை பின்னிருந்து முன்னாகச் சரிந்து, முன்பக்கம் 8 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கட்டும். தளத்தின் நான்கு மூலையிலும் 6 மில்லிமீட்டர் துளை. பக்கப் பலகைகளின் மேல் ஓரத்தில் காற்றுக்கு இரண்டிரண்டு துளை. ஒரு பக்கப் பலகை திருகாணி கழற்றித் திறக்கும்படி. உள்ளே பெயின்ட் வேண்டாம்.

மாட்டும் இடம் மரம் அல்ல. பூங்கா அலுவலகச் சுவர், கழிப்பறைக் கட்டடத்தின் தாழ்வாரத்துக்கு அடி, 3 மீட்டர் உயரத்துக்கு மேல், கிழக்கோ வடக்கோ பார்த்து. மேற்கு பார்த்தால் மாலை வெயிலில் பெட்டி அடுப்பாகும். சிட்டுக்குருவி கூட்டமாக வாழ விரும்புவது. ஒரே சுவரில் நான்கைந்து பெட்டி இருக்கலாம். கம்பத்தில்தான் மாட்ட வேண்டும் என்றால் வழுவழுப்பான ஜி.ஐ. பைப், பெட்டிக்குக் கீழே தகரத் தடுப்பு. தடுப்பு 20 சென்டிமீட்டர் குறுக்களவும் 60 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட குழாயாக, மேல்வாய் மூடி, பைப்பைச் சுற்றித் தொங்க வேண்டும். அல்லது 90 சென்டிமீட்டர் அகலக் குடையாக இருக்கலாம். தரையிலிருந்து தடுப்பின் மேல்முனை ஒன்றரை மீட்டருக்குக் குறையக் கூடாது. கம்பத்தைச் சுற்றி 3 மீட்டருக்குள் கிளையோ சுவரோ இருந்தால் அணில் தாவிவிடும், தடுப்பு வீண். கம்பத்தில் கிரீஸ் தடவும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெயிலில் உருகி ஒழுகிவிடும்; இறகில் பட்டால் பறவை பறக்க முடியாது.

மைனாவுக்கும் குண்டுகரிச்சானுக்கும் பெட்டியைவிட மரப்பொந்து நல்லது. பட்ட மரத்தை உடனே அறுப்பதையும், பொந்தில் சிமென்ட் அடைப்பதையும் நிறுத்தினாலே போதும். சாயும் மரம் என்றால் தலையை மட்டும் இறக்கிவிட்டு 3 மீட்டர் தண்டை நிற்க விடலாம்.

பூனைகளைப் பிடித்து வேறு பேட்டையில் விடுவது தீர்வல்ல. குப்பை இருக்கும்வரை அந்த இடத்துக்கு வேறு பூனை வந்து சேரும். கருத்தடை செய்து அதே இடத்தில் விடுவதுதான் மெல்ல எண்ணிக்கையைக் குறைக்கும். பூனைக்குச் சோறு வைப்பவர்களை விரட்டினால் அவர்கள் இருட்டில் ஒளித்து வைப்பார்கள். அவர்களோடு பேசி, வேலிச்செடியிலிருந்து விலகி, அலுவலகக் கட்டடத்தின் பின்புறம் ஓரிடம் ஒதுக்கி, பகலில் வைத்து, அரைமணியில் மிச்சத்தை எடுத்துவிடச் சொல்லலாம். வீட்டில் பூனை வளர்ப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் பலகை வையுங்கள்: மாசியிலிருந்து ஆடி வரை விடியலிலும் அந்தியிலும் பூனையை உள்ளே வையுங்கள் என்று.

குஞ்சு தரையில் கிடக்கிறது என்று பலர் காவலாளியிடம் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். காவலாளிக்கு என்ன செய்வதென்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அட்டைப்பெட்டியில் போட்டுச் சோற்றுப் பருக்கை ஊட்டுகிறார், மறுநாள் அது செத்துப்போகிறது. உடம்பில் இறகு மூடி, குட்டை வாலோடு தத்தித் தத்தி நகரும் குஞ்சு தொலைந்துபோன குஞ்சல்ல. கூட்டை விட்டு இறங்கிப் பறக்கப் பழகுகிறது. தாய் அருகிலிருந்து ஊட்டிக்கொண்டிருக்கும். அதைப் பக்கத்துப் புதரின் உள்கிளையில், பூனைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு விலகினால் போதும். இறகே இல்லாத குஞ்சு என்றால் கூட்டைத் தேடித் திரும்ப வைக்க வேண்டும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது தவறான நம்பிக்கை. கூடு அறுந்து விழுந்திருந்தால், அடியில் துளையிட்ட சிறிய கொட்டாங்கச்சியில் பழைய கூட்டை அப்படியே வைத்து, அதே கிளையில் கட்டிவிட்டு, தொலைவிலிருந்து ஒரு மணி நேரம் பாருங்கள். பெரும்பாலும் தாய் வந்துவிடும்.

படம் எடுப்பவர்களையும் சொல்லியாக வேண்டும், எங்களில் சிலரும் அதில் அடக்கம் என்பதால். கூட்டுக்கு முன்னால் இருக்கும் இலையை ஒதுக்கிக் கட்டி, செல்போனை நீட்டிப் படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். கூட்டில் நடமாட்டம் கூடினால் வேட்டையாடியின் கண்ணில் படும் என்று பறவையியலாளர் அலெக்சாண்டர் ஸ்கட்ச் 1949-லேயே எழுதினார். அவர் சொன்னது தாயும் தகப்பனும் வந்துபோவதைப் பற்றி. மனிதர் ஐந்து பேர் வரிசையில் நின்றால் காக்கைக்கு வேறு அடையாளமே வேண்டாம்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

காக்கைக் கூடுகளைக் கலைக்கும் உத்தரவையும், விளையாட்டுப் பகுதிக்கு வெளியே பாம்பு பிடிக்கும் உத்தரவையும் உடனே திரும்பப் பெறுங்கள். பூங்காக்களில் எலி விஷமும் ஒட்டுப்பசை அட்டையும் வைப்பதை நிறுத்துங்கள்.

மாசி முதல் ஆடி முடிய, அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை, வேலிச்செடி வெட்டும் வேலையே இருக்கக் கூடாது. மின்கம்பியில் உரசும் கிளையும் பாதையை மறைக்கும் கிளையும் மட்டும் விலக்கு. மழைக்கு முன் மரக்கிளை கழிப்பதைப் புரட்டாசியிலும், வேலிச்செடி வேலையை ஐப்பசி முதல் மார்கழி வரையிலும் வைத்துக்கொள்ளுங்கள். தேன்சிட்டு போன்றவை ஆண்டில் எந்த மாதமும் கட்டக்கூடும் என்பதால், எப்போது வெட்டினாலும் அன்று காலை ஒருவர் ஐந்து மீட்டர் தள்ளி நின்று பத்து நிமிடம் பார்க்கட்டும். இரை கவ்விய பறவை ஒரே இடத்தில் நுழைந்து வந்தால் அங்கே கூடு இருக்கிறது. இரு பக்கமும் 3 மீட்டர் விட்டுவிடுங்கள். கூட்டின் மேல் ரிப்பன் கட்டாதீர்கள். இடத்தை நோட்டில் குறித்தால் போதும். விட்ட மீட்டருக்கும் பில் உண்டு என்று ஒப்பந்தத்தில் சேருங்கள்.

ஒவ்வொரு பூங்காவிலும் ஓர் எல்லையையாவது நேர் பெட்டியாக வெட்டாமல் ஒரு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம் வளர விடுங்கள். துராந்தாவுக்குப் பதில் களா, மருதாணி, சங்கஞ்செடி, கிளுவை நடலாம். கொங்கு நாட்டில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களுக்குக் கிளுவை வேலிதான் தலைமுறைகளாகக் காவல். முள்ளுக்குள் கட்டிய கூட்டுக்குப் பூனை போகாது, காக்கை இறங்கத் தயங்கும். பாதையிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளி நட்டால் குழந்தைகளுக்கு முள் குத்தும் என்ற புகாரும் வராது.

வாசல் தொட்டிகளுக்கு மூடி போட்டு, இரவு 10 மணிக்குள் ஒருமுறை அள்ளுங்கள். கறிக்கடைக் கழிவைத் தனி வண்டியில் எடுங்கள். தானியத் தட்டுகளைப் பெட்டி இருக்கும் மரங்களிலிருந்து இறக்குங்கள்.

இப்போதைய பெட்டிகளில் பறவை குடியேறாதவற்றை உடனே இறக்கி, துவாரத்தில் 32 மில்லிமீட்டர் துளையிட்ட தகட்டை அறைந்து, குச்சியை அறுத்து, அடியில் துளையிட்டு, சுவருக்கு மாற்றுங்கள். குடியேறியவற்றைக் குஞ்சு பறந்து இரண்டு வாரம் ஆனபின் மாற்றலாம். புதிதாக வாங்குவதற்கு முன் மேலே சொன்ன அளவுகளை ஒப்பந்தப்புள்ளியில் எழுதுங்கள்.

காவலாளிகளுக்கும் வெட்டும் தொழிலாளர்களுக்கும் வேலை நேரத்தில், சம்பளத்தோடு, அரைநாள் பயிற்சி கொடுங்கள். சொல்லிக்கொடுக்க நாங்கள் வருகிறோம், கட்டணம் வேண்டாம். எங்கள் கூட்டுக் குறிப்பேட்டின் நகல்களையும் பூங்காவாரியாகத் தருகிறோம்.

இந்தப் பங்குனியில் மிச்சமிருக்கும் வெட்டு வேலையை இன்றே நிறுத்தி, மற்றவை குறித்து அடுத்த நகர்மன்றக் கூட்டத்துக்கு முன் எழுத்தில் பதில் தாருங்கள். நடைப்பயிற்சிப் பாதையின் வடக்கு ஓரத்தில் நாற்பது மீட்டர் துராந்தா இன்னும் வெட்டப்படாமல் நிற்கிறது. அதில் இரண்டு சின்னான் கூடும் ஒரு தையல்சிட்டுக் கூடும் இருக்கின்றன.

இப்படிக்கு,
பூங்காக்களில் கூடுகளைக் குறித்துவரும் பறவை நோக்கர்கள்